பகல்நேரக் கீமோ பிரிவு: லிம்போமா சிகிச்சையில் நாங்கள் கண்டது

61 வயதான என் தந்தைக்கு, பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வகையான ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா’ என்று பயாப்சியில் உறுதியானதும், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பகல்நேரக் கீமோ பிரிவில், 21 நாள்களுக்கு ஒருமுறையாக 6 சுற்றுகள், ரிட்டுக்சிமாப், டாக்சோரூபிசின் உள்ளிட்ட மருந்துகள் சேர்ந்த ‘ஆர்-சாப்’ சிகிச்சை பெற்றோம். டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் எக்கோவும், ரிட்டுக்சிமாப் உடலில் உறங்கிக் கிடக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியை எழுப்பிவிடக்கூடும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் முன்னதாகவே செய்தார்கள். காரணங்களை அப்பாவிடமே நேரில் விளக்கியது எனக்குப் பெரும் நிறைவளித்தது.

முதல் நாள் ரிட்டுக்சிமாபை மிக மெதுவாகவே ஏற்றினார்கள். அப்படியும் நடுக்கம் கண்டபோது, செவிலியர் உடனே மருந்தை நிறுத்தி, அது முழுதும் தணிந்த பின்னரே குறைந்த வேகத்தில் மீண்டும் தொடங்கினார். அந்தப் பொறுமைக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் காத்திராமல் வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வலியுறுத்தினார்கள்.

குறை என்றால் கட்டணப் பிரிவுதான். ரிட்டுக்சிமாபின் விலை குறைந்த உள்நாட்டு பயோசிமிலர் (மூல மருந்தை மிகவும் ஒத்த மருந்து) 2007 முதலே இந்தியாவில் கிடைத்துவரும் நிலையில், நாங்களாகக் கேட்ட பிறகு, இரண்டாம் சுற்றில்தான் அதைப் பற்றிச் சொன்னார்கள். இங்கோ வேறெங்கோ சிகிச்சைக்குச் செல்பவர்கள் முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள்.