கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறப்பதா, நேரே திறப்பதா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் பைதான் என்ற நிரல்மொழி பழகும் பிள்ளைகள் கோப்பைத் திறக்க இரண்டு வழிகளைக் கற்கிறார்கள். ஒன்று, ‘எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டு கோப்பு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் ‘ஓபன்’ செய்வது. மற்றது, ‘ட்ரை’க்குள் நேரே திறந்து, முடியாமல் போனால் வரும் பிழையை ‘எக்ஸெப்ட்’டில் பிடிப்பது. முதலாவதுதான் ஒழுங்கான வழிபோலத் தெரியும். நான் இரண்டாவதின் பக்கம்.

ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடை போட்ட கணக்கு, டிவிஷனுக்கு ஒரு கோப்பாக மாலையில் வந்து சேர்கிறது. ஒரு நிரல் அதை வாசித்து சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, போடுகிறது. கோப்பு இல்லையென்றால் அன்று அந்த டிவிஷனில் வேலை இல்லை என்று எடுத்துக்கொண்டு பூச்சியம் எழுதும். இப்போது கோப்பு வந்துவிட்டது, ஆனால் அது கிடக்கும் ஃபோல்டருக்குள் நுழைய நிரலுக்கு அனுமதி இல்லை. லினக்ஸில் ‘ஓஎஸ் பாத்’தின் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ அப்போதும் ‘ஃபால்ஸ்’, அதாவது இல்லை, என்றே சொல்லும். பிழைச்செய்தி எதுவும் வராது. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தவர்களுக்கு அரைப்பேர்கூட விழாது.

நேரே திறந்திருந்தால் ‘பெர்மிஷன் எரர்’ வந்து நிரல் அங்கேயே நின்றிருக்கும். கோப்பு உண்மையிலேயே இல்லாவிட்டால் வருவது ‘ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்’. இரண்டும் வேறு வேறு சங்கதி. 2012இல் வந்த பைதான் 3.3இலிருந்து இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. அதற்கு முன் பிழை எண்ணைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். ‘எக்ஸிஸ்ட்ஸ்’ தரும் ஆம், இல்லை என்ற இரண்டே பதிலில் இந்த வேறுபாடு அழிந்துபோகிறது. அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தாலும் அது ‘ட்ரூ’ என்றுதான் சொல்லும்.

அப்புறம் இடைவெளிப் பிரச்சினை. பார்ப்பது ஒரு வேலை, திறப்பது இன்னொரு வேலை. நடுவில் வேறொரு நிரல் கோப்பை அழிக்கலாம், பெயர் மாற்றலாம். கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் அதே பெயரில் வேறு கோப்புக்கு இணைப்பு வைத்துவிடலாம். பார்க்கும் நேரத்துக்கும் பயன்படுத்தும் நேரத்துக்கும் நடுவிலான இந்த ஓட்டையைப் பாதுகாப்புத் துறையில் ‘டாக்டூ’ என்பார்கள். லினக்ஸில் ‘அக்சஸ்’ அழைப்பின் கையேடே, அதில் அனுமதியைச் சோதித்துவிட்டுப் பிறகு திறக்காதே என்று எச்சரிக்கிறது. ஆகவே முன்கூட்டிப் பார்த்தாலும் ‘ட்ரை’ எழுதத்தான் வேண்டும்.

புதுக் கோப்பு எழுதும்போது இது இன்னும் மோசம். இரண்டு கணினிகளிலிருந்து ஒரே ஃபோல்டரில் ஒரே நாளின் கோப்பை ஒரே நேரத்தில் உருவாக்கினால், இரண்டுமே ‘இல்லை’ என்று பார்த்துவிட்டு எழுதுவதற்கான ‘டபிள்யூ’ முறையில் திறக்கும். பிந்தித் திறப்பது முந்தியதைத் துடைத்துவிடும். புதிதாக மட்டுமே உருவாக்கும் ‘எக்ஸ்’ முறையில் திறந்தால் இருக்கிறதா என்று பார்ப்பதையும் உருவாக்குவதையும் இயங்குதளமே ஒரே அடியில் முடிக்கும். ஏற்கெனவே இருந்தால் பிழை வரும், பழையது தப்பும். இதுவும் 3.3இல் வந்ததுதான்.

வேகத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். பைதான் 3.11இலிருந்து, பிழை வராதவரை ‘ட்ரை’க்கு ஏறக்குறைய செலவே இல்லை.

சரி, முன்கூட்டிப் பார்ப்பதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. சம்பளக் கணக்கை ஓட்டுமுன் எந்தெந்த டிவிஷன் கோப்பு இன்னும் வரவில்லை என்று திரையில் பட்டியல் காட்ட ‘எக்ஸிஸ்ட்ஸ்’ நன்றாகவே உதவும். அந்தப் பட்டியலை நம்பிக் கணக்கு எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

நேரே திறப்பவர்களும் வெறும் ‘எக்ஸெப்ட்’ போட்டு எல்லாப் பிழையையும் விழுங்கினால் பழைய பூச்சியம்தான் திரும்ப வரும். ‘ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்’ ஒன்றை மட்டும் பிடியுங்கள், மற்றவை நிரலை நிறுத்தட்டும். அதைப் பிடித்த இடத்திலும் பூச்சியம் எழுதாமல் அந்த டிவிஷனை வெறுமையாக விட்டுச் செய்தி காட்டுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் கணக்கப்பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்து, அன்று கொழுந்து நிறுத்தார்களா என்று கேட்டுக்கொள்வார்.