ரொறன்ரோவில ஹொக்கி நேர பாக்கிறது: ரெண்டு அரீனா, ரெண்டு விதமான சனம்

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் எண்ட ஐஸ் ஹொக்கி ரீம் விளையாடுற ஸ்கோஷியாபாங்க் அரீனாவைப் பற்றி எழுதுறவை எல்லாரும் ரிக்கெற் விலை, பியர் விலை, பார்க்கிங் எண்டு அதோடயே நிண்டிடுவினம். நான் இதில எழுதப்போறது சனத்தைப் பற்றி. ஹொக்கியை நேர போய்ப் பாக்கேக்க அந்த இரவு நல்லா அமையுதோ இல்லையோ எண்டுறது முக்கால்வாசி உங்களுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற ஆக்களிலதான் இருக்கு, ரிவியில பாக்கிறவைக்கு இது விளங்காது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் எங்கட சனம் இப்ப குடும்பமா லீஃப்ஸ் மேட்சுக்குப் போகினம், பிள்ளையள் அம்மம்மாவுக்கும் நீல ஜேர்சி போட்டுக் கூட்டிக்கொண்டு வருதுகள், பாக்கவே சந்தோசமா இருக்கும், ஆனா முதல்தரம் போறவைக்கு உள்ளுக்கு இருக்கிற பழக்கவழக்கத்தை ஒருத்தரும் சொல்லிக்குடுக்கிறேல்ல.

இடத்தைப் பற்றிக் கெதியாச் சொல்லிட்டுப் போறன். 1999 பெப்ரவரியில திறந்தது, அப்ப பேர் எயார் கனடா சென்ரர், 2018 யூலையிலதான் பேர் மாறினது, இப்பவும் கனபேர் பழைய பேரைத்தான் சொல்லினம். ஹொக்கிக்கு கிட்டத்தட்ட 19,000 பேர் கொள்ளும். யூனியன் ஸ்ரேசனில இருந்து வெளிக்குளிருக்குள்ள இறங்காமலே உள்ளுக்கால நடந்து வரலாம், வயசானாக்களைக் கூட்டிக்கொண்டு போறவைக்கு அது பெரிய உதவி. சத்தம், வெளிச்சம், நடுவில தொங்கிற ஸ்கிறீன் எல்லாம் திறம்.

இனி விசில் கதை. ஹொக்கி அரீனாவில எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டம் இருக்கு, விளையாட்டு நடக்கேக்க எழும்பித் திரியக்கூடாது, விசில் ஊதினாப் பிறகுதான் சீற்றுக்குப் போகவும் வேணும் சீற்றை விட்டு வரவும் வேணும். படி வாசல்ல நிக்கிற அக்கா கையை நீட்டி மறிச்சு வைச்சிருப்பா, சிலபேர் அதுக்கு முகத்தைச் சுழிக்கினம், காசு குடுத்து வாங்கின என்ர சீற்றுக்குப் போக இவ ஆர் மறிக்க எண்ட மாதிரி. அவ உங்களுக்காகத்தான் மறிக்கிறா. கிரிக்கெற்றில ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் இடைவெளி இருக்கு, இதில அப்பிடி இல்லை, சிலநேரம் மூண்டு நாலு நிமிசத்துக்கு விசிலே கேக்காது, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கேக்கயே விளையாடுற ஆக்கள் மாறுவினம், கோல் எண்டுறது ஒரு செக்கனில விழுந்து முடிஞ்சிடும். நாச்சோஸ் தட்டையும் ரெண்டு கப்பையும் தூக்கிக்கொண்டு ஒருத்தர் வரிசைக்குள்ளால போனா அந்த வரிசை முழுக்க எழும்பவேணும், அவை எழும்பினா அவைக்குப் பின்னுக்கு இருக்கிறவைக்கும் மறைக்கும், சரியா அந்த நேரம் பார்த்து மற்றப் பக்கம் சனம் கத்தும், என்ன நடந்தது எண்டு ஸ்கிறீன்ல திருப்பிப் போடேக்கதான் தெரியவரும், அதை வீட்டில இருந்தே பார்த்திருக்கலாமே. ஒரு மேட்ச் மூண்டு பீரியட்டா, அதாவது மூண்டு பகுதியா நடக்கும், ஒவ்வொரு பீரியட்டிலயும் ரிவி விளம்பரத்துக்கு மூண்டுதரம் விளையாட்டை நிப்பாட்டுவினம், ஷவலோட ஆக்கள் வந்து ஐஸைத் துப்புரவாக்குவினம், கிட்டத்தட்ட ரெண்டு நிமிசம் கிடைக்கும். பாத்ரூமுக்கு அவசரமெண்டால் அப்ப போங்கோ.

இதுக்கு அடுத்தபடியா ஆக்களுக்குத் தெரியாத விசயம் முன்னுக்குக் குனியிறது. மேல 300 லெவல் சரியான செங்குத்து, அதில ஒருத்தர் முழங்கையை முழங்காலில ஊண்டி முன்னுக்குச் சாஞ்சால் பின்னுக்கு இருக்கிறவருக்கு கிட்டப் பக்கத்துக் கோல் முழுசாக் காணாமப் போயிடும். சாஞ்சவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனெண்டால் அவருக்கு எல்லாம் வடிவாத் தெரியுதே. ஒரு மேட்சில அம்மாவுக்கு முன்னுக்கு இருந்த ஆள் முழுப் பீரியட்டும் அப்பிடியே இருந்தவர், அம்மா இடப்பக்கமும் வலப்பக்கமும் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்து கடைசியில ஸ்கிறீனையே பாக்கத் தொடங்கிட்டா, விசில் ஊதேக்க நான் அவற்ர தோளில மெல்லத் தட்டி, கொஞ்சம் பின்னுக்குச் சாஞ்சு இருக்கேலுமோ, அம்மாவுக்குத் தெரியேல்ல எண்டு கேட்டன். மனுசன் உடன திரும்பி அம்மாட்டயே சொறி சொல்லிட்டு நேர நிமிந்து இருந்தார், பிறகு லீஃப்ஸ் கோல் அடிக்கேக்க திரும்பி அம்மாவுக்குக் கை குடுத்தவர். முக்கால்வாசிப் பேர் இப்பிடித்தான், வேணுமெண்டு செய்யிறேல்ல, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்காம வாய்திறந்து கேளுங்கோ.

அந்த 300 லெவல் சனத்துக்கு நான் 5க்கு 4 குடுப்பன். கோ லீஃப்ஸ் கோ எண்டு முதல் தொடங்கிறது அங்கதான். ஒரு மார்க்கைக் குறைச்சது கெட்ட வார்த்தைக்கு, மூண்டாவது பீரியட்டில பியர் ஏறினாப் பிறகு றெஃபரியைத் திட்டுற சிலபேருக்கு பக்கத்தில ஆறு வயசுப் பிள்ளை இருக்கிறது கண்ணில படுறேல்ல. கீழ் லெவலுக்கு 2.5தான். உள்ளதிலயே விலை கூடின சீற், ஆனா இடைவேளை முடிஞ்சு விளையாட்டு தொடங்கி ஐஞ்சு நிமிசத்துக்கும் வெறுஞ்சீற்றாக் கிடக்கும், ஆக்கள் அடியில இருக்கிற லவுஞ்சுக்குள்ள சாப்பிட்டுக் கதைச்சுக்கொண்டு நிப்பினம். இது வருசக்கணக்கா எல்லாரும் சொல்லுற குறை, எனக்கும் மனசு சுடுது, மேல கடைசி வரிசையில மாசக்கணக்காக் காசு சேர்த்து வந்த பெடியன் தொண்டை கிழியக் கத்துறான், கீழ ஐஸைச் சுத்தி நிக்கிற கிளாஸ் ஓரத்தில ஒருத்தரும் இல்லை.

இதே சனம் பெருமைப்படுற மாதிரியும் நடந்திருக்கு. 2014 நவம்பரில அமெரிக்காவில இருந்து நாஷ்வில் ரீம் வந்த அண்டைக்கு, அமெரிக்கத் தேசிய கீதம் பாடிக்கொண்டிருக்கேக்க பாடகியின்ர மைக் வேலை செய்யாமப் போச்சுது, அரீனா முழுக்க இருந்த கனேடியச் சனம் அந்தக் கீதத்தைத் தாங்களே எடுத்துப் பாடி முடிச்சவை. அண்டைக்கு லீஃப்ஸ் 9-2 எண்டு தோத்தவை, ஆனா ஆக்கள் இண்டைக்கும் கதைக்கிறது அந்தப் பாட்டைப் பற்றித்தான். 2025 பெப்ரவரியில அமெரிக்காவோட வரிப் பிரச்சினை வரேக்க ஒட்டாவா உட்பட கனடாவில சில அரீனாவில அதே கீதத்துக்குக் கூக்காட்டினவை. கோபம் எனக்கும் விளங்குது, ஆனா மற்ற ரீமில விளையாடுறவையில கனடாப் பெடியளும் நிக்கினம், அவைக்கு முன்னால நிண்டு கூக்காட்டி ஆருக்கு என்ன லாபம். கீதம் போகேக்க தொப்பியைக் கழட்டிட்டு பேசாம நிண்டாலே போதும்.

சாமான் எறியிறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஒருத்தர் ஒரே மேட்சில மூண்டு கோல் அடிச்சால் தொப்பியை ஐஸுக்குள்ள எறியலாம், அதை என்எச்எல் (லீஃப்ஸ் விளையாடுற வட அமெரிக்க ஹொக்கி லீக்) சட்டமே விட்டுவைச்சிருக்கு, தண்டனை இல்லை. வேற என்னத்தை எறிஞ்சாலும் முதல் எச்சரிக்கை, பிறகும் எறிஞ்சால் சொந்த ரீமுக்குப் பெனால்ரி, அதாவது உங்கட கோபத்துக்கு உங்கட ரீம் ஒரு ஆள் குறைஞ்சு விளையாடவேணும். 2025 மேயில புளோரிடாவிட்ட சொந்த அரீனாவிலயே ரெண்டுதரம் 6-1 எண்டு தோக்கேக்க ஜேர்சியைக் கழட்டி எறிஞ்சவை. 1967க்குப் பிறகு லீஃப்ஸுக்கு ஸ்ரான்லி கப், அதாவது என்எச்எல் கிண்ணம் வரேல்ல எண்ட நோவு எனக்கும் இருக்கு. ஆனா ஐஸில கிடக்கிற துணியில சறுக்கி ஒருத்தர் விழுந்தால் அவற்ர முழங்கால் போயிடும்.

பிள்ளையளோட போறவை இதை வடிவா வாசியுங்கோ. மேட்ச் தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முதல் வோர்ம் அப்புக்கு ரெண்டு ரீமும் வரும், அந்த நேரம் கிளாஸுக்குக் கிட்டப் பிள்ளையளை விடுறது வழக்கம். வீரர்மார் சின்னப் பிள்ளையளைப் பார்த்து பக்கை, அதாவது விளையாடுற அந்த றப்பர் வட்டை, மேலால போட்டுக்குடுப்பினம், பிள்ளைக்கு எண்டு வந்த பக்கை வளந்த ஆள் கை நீட்டிப் பிடிச்சு பொக்கற்றுக்குள்ள வைக்கிறதை மாதிரி அசிங்கம் வேற இல்லை. விளையாட்டு தொடங்கினாப் பிறகு போனைப் பாக்காமல் பக்கையே பாருங்கோ, இதைப் பயமுறுத்தச் சொல்லேல்ல. பக் கிட்டத்தட்ட 170 கிராம் கெட்டி றப்பர், துள்ளாம இருக்க ஃபிறீஸ் பண்ணித்தான் கொண்டுவருவினம், அது மணித்தியாலத்துக்கு 150 கிலோமீற்றர் வேகத்திலயும் வரும். 2002 மார்ச்சில கொலம்பஸ் நகரத்தில 13 வயசுப் பிள்ளை ஒண்டுக்குத் தலையில பக் பட்டு ரெண்டு நாளால உயிர் போச்சுது, அதுக்குப் பிறகுதான் எல்லா என்எச்எல் அரீனாவிலயும் கோலுக்குப் பின்னால வலை கட்டினவை. பக்கவாட்டுச் சீற்றுக்கு இப்பவும் வலை இல்லை.

லீஃப்ஸ் ரிக்கெற் கட்டுப்படியாகாதெண்டால், இல்லை நல்ல சனத்துக்குள்ள இருந்து பாக்க ஆசையெண்டால், எக்ஸிபிஷன் பிளேஸில இருக்கிற கொக்கா கோலா கொலிசியத்துக்குப் போங்கோ. 1921ல கட்டின இடம், ஹொக்கிக்கு எண்ணாயிரம் பேரளவில கொள்ளும், எங்க இருந்தாலும் ஐஸ் கிட்டத் தெரியும். லீஃப்ஸின்ர இளம் ரீம் மார்லீஸ் அங்கதான் விளையாடுது, 2024 கடைசியில இருந்து மகளிர் ரீம் செப்ரர்ஸும் அங்கதான். செப்ரர்ஸ் சனத்துக்கு நான் 5க்கு 4.5 குடுப்பன். பெட்டைப் பிள்ளையள் ஹொக்கிக் கிளப் ஜேர்சியோட கூட்டங்கூட்டமா வந்திருக்குங்கள், கையால எழுதின மட்டைகள், மொன்றியல் ஜேர்சி போட்டு வந்தவையோடயும் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இருப்பினம், விசில் ஊதுமட்டும் ஒருத்தரும் அசையமாட்டினம். மற்ற ரீம் ஆள் ஒருத்தி அடிபட்டு விழுந்தாலும் அரீனா அமைதியாகிடும், எழும்பி பெஞ்சுக்குப் போகேக்க எல்லாரும் கைதட்டுவினம். சின்ன இடமெண்டதாலதான் இப்பிடி எண்டு சொல்லேலாது, 2024 பெப்ரவரி 16ம் திகதி இதே மகளிர் ரீம் ஸ்கோஷியாபாங்கில மொன்றியலோட விளையாடேக்க 19,285 பேர் வந்து நிறைஞ்சவை. குறையெண்டால் அந்தக் காற்றுத்தான், லேக் பக்கமிருந்து வீசும், ஸ்றீற்காரால இறங்கி வாசல் மட்டும் நடக்கிறதுக்குள்ள காது விறைச்சுப்போகும்.

சீற் எடுக்கேக்க பாருங்கோ, கொலிசியத்தில முதல் நாலைஞ்சு வரிசை வேண்டாம், கிளாஸிலயும் அதுக்குக் கீழ இருக்கிற போர்ட்டிலயும் மற்றப் பக்கக் கோல் மறையும், பத்தாவது வரிசைக்கு மேல எடுத்தால் முழு ஐஸும் தெரியும். லீஃப்ஸ் மேட்செண்டால் 300 லெவலில நடுப்பகுதி எடுங்கோ. அம்மா அப்பாவோட போறதெண்டால் வரிசையின்ர ஓரச் சீற் எடுக்காதேங்கோ, விசில் ஊதுற நேரமெல்லாம் அவை எழும்பி எழும்பி வழிவிடவேண்டி வரும்.