பழைய ஷீட்டா, புதிதாக வார்த்த ஷீட்டா?

தாராவியில் அத்தை வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) சிமெண்ட் ஷீட் கூரையைத் தொட்டால் விரலில் சாம்பல் பொடி ஒட்டும். உடைந்த விளிம்பில் வெள்ளை நார் துருத்திக்கொண்டிருக்கும். அன்று அதை அறுத்துப் பொருத்திய மாமா எவ்வளவு தூசியைச் சுவாசித்திருப்பார்? கல்நாரால் வரும் மீசோதீலியோமா (பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். அதனால் இந்தக் கேள்வி இன்னும் பழையதாகிவிடவில்லை.

பழைய ஷீட்டையே ஆய்வகத்தில் அறுத்துத் தூசியை அளக்கலாம். ஆனால் மழை சிமெண்டை அரித்து நாரை வெளியே கொண்டுவந்துவிட்டது. அது அன்றைய ஷீட் அல்ல. பழைய கலவைப்படி, சுமார் 10 சதவீதம் கல்நார் சேர்த்து, மூடிய பெட்டிக்குள் புதிதாக வார்த்து அறுத்தால் மாமாவின் ரம்பத்தூசியை நெருங்கலாம். அவருக்காக நான் இதையே தேர்ந்தெடுப்பேன். அந்தக் கூரையின்கீழ் இன்றும் உறங்கும் அத்தைக்கோ, பழைய ஷீட்டின் பொடியைத்தான் சோதிக்க வேண்டும்.