வெள்ளை அடைப்பும் சக்கை நாரும்

கடைவாய்ப்பல் சொத்தைக்கு வெள்ளை அடைக்கவா, சில்வர் (பாதரசம் கலந்த உலோகக் கலவையான அமால்கம்) அடைக்கவா என்று தக்கலை நண்பர் கேட்டிருந்தார். வெள்ளையை, அதாவது கம்போசிட் என்கிற பிசின் அடைப்பை, வருசக்கணக்காக வாயில் வைத்திருக்கிறவனின் பதில் இது.

பொருளைக் குறை சொல்ல அதிகமில்லை. பல்லோடு பல்லாக நிறம் சேர்ந்துவிடும். தினம் கட்டன் சாயா குடித்தும் ஓரத்தில்தான் லேசான கறை, அதுவும் பாலிஷ் போட்டால் போகும். பல்லில் ஒட்டிப் பிடிப்பதால் சொத்தையை மட்டும் சுரண்டினால் போதும். சில்வர் ஒட்டாது. அது கழன்று விழாமலிருக்க உள்ளே அகலமாகவும் வாய்ப்பக்கம் குறுகலாகவும் குழி வெட்ட வேண்டும். நல்ல பல்லும் கொஞ்சம் அதோடு போகும்.

ஆனால் ரெண்டு பல்லுக்கு நடுவில் வந்த சொத்தையை அடைத்த இடம் இருக்கிறதே! செங்கவருக்கை மாம்பழ நார், சக்கைச் சுளை (பலாச்சுளைதான்), அயிலை மீன் என்று தின்றதில் ஒரு பங்கு அங்கேதான் தங்குகிறது. ஈர்க்கில் தேடாமல் ஒரு சாப்பாடு முடிவதில்லை.

காரணம் பொருளில் இல்லை, அடைக்கும் முறையில் இருக்கிறது. சில்வரை அமுக்கி அமுக்கி நிரப்புவார்கள். அந்த அமுக்கலிலேயே, அடைக்கும்போது பல்லைச் சுற்றிக் கட்டும் தகட்டுப்பட்டை பக்கத்துப் பல்லோடு போய் ஒட்டிக்கொள்ளும். கம்போசிட் குழைவானது, பட்டையைத் தள்ளாது. சாதாரணப் பட்டையை இறுக்கிக் கட்டி நிரப்பினால், பட்டையை உருவியதும் அதன் கனத்துக்கு ஓர் இடைவெளி நிற்கும். உப்பலாக இருக்க வேண்டிய பக்கச்சுவரும் தட்டையாகிவிடும். இதற்கென்றே செக்‌ஷனல் மேட்ரிக்ஸ் இருக்கிறது: வளைந்த சின்னத் தகடு, ஈறுப்பக்கம் மர ஆப்பு, மேலே ஸ்பிரிங் வளையம். வளையம் ரெண்டு பல்லையும் துளி விலக்கிப் பிடிக்கும், கழற்றியதும் பற்கள் திரும்ப நெருங்கிவிடும். ஆப்பை விட்டுவிட்டால் அடிப்பக்கம் பொருள் பிதுங்கி, ஈறு வீங்கி ரத்தம் கசியும்.

நாற்காலியை விட்டு எழும்பும் முன்னே ஃப்ளாஸ் நூலை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டக்’கென்று ஒரு பிடிப்போடு இறங்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் இடைவெளி இருக்கிறது, நூல் பிய்ந்து வந்தால் ஓரம் பிதுங்கியிருக்கிறது. இடைவெளியை மேலே பூசிச் சரிக்கட்ட முடியாது, அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து மறுபடி அடைக்க வேண்டும்.

கம்போசிட்டின் இன்னொரு எதிரி ஈரம். 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் வைத்துக் கழுவி, பாண்ட் என்கிற ஒட்டுப்பசை தடவி, 2 மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காக வைத்து ஒவ்வொன்றையும் நீல வெளிச்சம் காட்டி இறுக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் பிடிப்புப் போச்சு. மொத்தக் குழியையும் ஒரே அடுக்காக நிரப்பினால் அடியில் சரியாக இறுகாது, இறுகும்போது சுருங்கி ஓரத்தையும் இழுக்கும். பிறகு தண்ணீர் பட்டால் கூசும்.

கிராம்பு வாசனை அடிக்கும் தற்காலிக அடைப்பு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கன்னியாகுமரி கிராம்பின் பெருமையே அதிலுள்ள யூஜினால் எண்ணெய்தான். அதே யூஜினால் மிச்சமிருந்தால் கம்போசிட் சரியாக இறுகாது.

ஜிஐசி (கிளாஸ் அயனோமர் சிமென்ட்) என்கிற அடைப்பு வேறு ரகம். ஃப்ளூரைடு கசியும், பல்லில் தானாக ஒட்டும். அழுத்தி பிரஷ் பண்ணி ஈறோரம் தேய்ந்த பல்லுக்கும் பிள்ளைகளின் பால்பல்லுக்கும் நல்லது. கடைவாயில் கடிபடும் இடத்தில் தேய்ந்துவிடும்.

சரி, நண்பருக்கு என்ன சொல்ல? இவ்வளவு புகழ்ந்த பிறகும், ரெண்டு பல்லுக்கு நடுவில் சொத்தை என்றால் இன்றைய எரிச்சலில் சில்வரைத்தான் கை காட்டுவேன். அழகில்லை, பாதரசம் கலந்தது, பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் 2013 மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் அதை ஓரங்கட்டிக்கொண்டும் வருகிறது. அதனால் கிடைக்குமா என்று முதலில் போனில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்பிரிங் வளையம் வைத்து அடைப்பார்களா என்று அதே போனில் கேட்டுவிடுங்கள். சில்வர் வைத்தால் ஒரு நாள் அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது.