ஐப்பசி, கார்த்திகைக் கலியாணமா? படக்காரருக்கு முற்பணம் கொடுக்கமுதல் வாசியுங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பழைய நாற்சார் வீடு. கார்த்திகைக் கலியாணம், நடுமுற்றத்தில் மணவறை, மேலே நீலத் தறப்பாள். அல்பம் கைக்கு வந்தபோது, தாலி கட்டும் படத்தில் பொம்பிளையின் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. கூறையின் சிவப்பு காய்ந்த மண்ணிறம். படக்காரரைக் கேட்டதற்கு, "மழைநாள், நாங்கள் என்ன செய்யிறது?" என்றார்கள். இப்படியான சாட்டை நம்பி மிச்சக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அது மழையின் பிழையே அல்ல.

பிளாஷை மேலே திருப்பி அடித்திருக்கிறார்கள். வெள்ளையில் பட்டால் வெளிச்சம் பரந்து மெதுவாக இறங்கும். நீலத் தறப்பாளில் பட்டால் நீலமாகத்தான் இறங்கும். பக்கத்தில் மஞ்சள் பல்புகளும் எரிய, முகத்தில் ஒரு பாதி நீலம், மறுபாதி மஞ்சள். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். றோவில் (கமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்காமல் ஜேபெக்கில் (சுருக்கிய படக் கோப்பு) மட்டும் எடுத்ததால் திருத்தவும் அதிகம் இடமில்லை. கலியாணத்துக்கு முதலே வந்து அண்ணாந்து பார்த்து, "தறப்பாளுக்குக் கீழே வெள்ளை கட்டுங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். பந்தலுக்கு வெள்ளை கட்டும் எங்கள் வழக்கம் கமராவுக்கும் நல்லது.

வேறு படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். மலிவான எல்ஈடி அலங்கார விளக்குகள் எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். சட்டர் வேகம் (கமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/100 அல்லது 1/50 செக்கன் என்றால் பட்டை விழாது. 1/500 என்றால் விழும். குளிரூட்டிய வான் வண்டியிலிருந்து இறக்கிய லென்ஸில் ஈரக்காற்று பட்டு நீராவி படிந்து, மாப்பிளை அழைப்புப் படங்களும் மங்கல். சிப் பூட்டிய பையோடு 20, 30 நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறந்திருந்தால் போதும். சோடிப் படங்களையும் பின்னேரம் ஐந்தரைக்குத் தள்ளியிருக்கிறார்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும், முகில் மூடினால் அதற்கும் முதல் இருட்டு. நாலு மணிக்கு முற்றத்தைப் பார்த்த விறாந்தையில் தூணோடு நிறுத்தியிருந்தால் அந்த மழை வெளிச்சமே போதும், முகத்தில் நிழல் விழாது.

எல்லாவற்றிலும் கொடுமை, அறுகரிசி போடும் படங்கள் முழுக்க இல்லாமற் போனது. கமராவில் மெமரி காட் (படங்கள் பதிவாகும் அட்டை) போட இரண்டு இடம் இருந்தும் ஒன்று வெறுமை. போட்ட காட் பழுதானது, அதிலேயே தொடர்ந்து படமெடுத்தார்கள். பழுதான மெமரி காட்டில் மேலும் படமெடுக்காமல் கழற்றி வைத்தால் மீட்க வாய்ப்புண்டு. மேலே எழுத எழுதப் பழையது அழியும்.

ஆகவே முற்பணத்துக்கு முதல் எழுத்தில் வாங்குங்கள்: வருபவரின் பெயர் (மாதிரி அல்பம் ஒருவருடையது, வந்தவர் வேறொருவர்), இரண்டு மெமரி காட்டிலும் ஒரேநேரப் பதிவு, றோ கோப்புகள் யாருக்கு, அல்பம் தரும் திகதி. "40 பக்கம்" என்றால் 40 விரிப்பா (விரிப்பு என்பது அல்பத்தைத் திறந்தால் தெரியும் இரண்டு பக்கம்), 20 விரிப்பா என்றும் கேளுங்கள். அங்கேதான் அரைவாசி அல்பம் காணாமற் போகிறது. மாதிரியாக அவர்களின் நல்ல படங்களைப் பார்க்காமல், மழைநாளில் எடுத்த ஒரு கலியாணத்தின் முழு அல்பத்தைக் கேளுங்கள்.

"அடுத்த மாதம் தாறம்" என்று இழுத்தால் காத்திருக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், சேவை வழங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். தொலைபேசி 1977. பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.