கப்பல் ஊழியருக்குக் கிறிஸ்துமஸ் இனாம்: பில்லிலா, கவரிலா, பொதியிலா?

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் டிசம்பர் பிறந்தால் பேக்கரி வாசலெல்லாம் கேக் பெட்டிகள்தான். பால்காரர், பத்திரிகை போடுபவர், தேங்காய் வெட்டித் தருபவர் என்று ஆளுக்கொரு கேக்கும் ஒரு கவரும் கொடுப்பது இங்கே எழுதாத வழக்கம். அதே வழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு, எப்போது, பணமா பொருளா என்று ஊரில் ஆளுக்கு ஒரு கருத்து.

இந்தத் தமிழக-கேரள எல்லைப்புறத்தில் இருந்து விடுமுறைக்குத் தண்ணீர் மேல் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகைக் கலங்களில் ஏறுகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் மகனோ மகளோ துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வரவழைத்து ஏற்றிவிடும் பெரிய சொகுசுக் கப்பல் ஒன்று. குழித்துறையில் குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் இறங்கினால் கிடைக்கும் ஆலப்புழைப் படகு வீடு மற்றொன்று. கொச்சியில் இருந்து லட்சத்தீவு போகும் அரசுக் கப்பல் மூன்றாவது. மூன்றிலும் நம்மைக் கவனித்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய சம்பளம் வரும் வழி ஒன்றல்ல. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய கப்பலில் பில்லில் ஏறும் தொகையில் கை வைக்காதீர்கள், அதற்கு மேல் கொஞ்சம் கையிலும் கொடுங்கள். படகு வீட்டில் கையில் கொடுப்பது மட்டுமே. பொருளாகக் கொடுப்பது எந்தக் கலத்திலும் கடைசி இடத்துக்குத்தான் வரும்.

பில்லில் ஏறும் தொகை

அமெரிக்கப் பயணிகளை நம்பி ஓடும் பெரிய நிறுவனங்களில் தலைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை ‘கிராஜுவிட்டி’ (ஊழியருக்கான இனாம்) என்ற பெயரில் அறைக் கணக்கில் தானாக ஏறிவிடும். பெரிய சூட் அறை என்றால் இன்னும் கூடுதல். கைக்குழந்தைகளுக்குப் பல நிறுவனங்கள் விலக்குத் தருகின்றன, பள்ளி போகும் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஏழு இரவு போனால், 16 டாலர் கணக்கில் 448 டாலர். நம் பணத்தில் 35,000 ரூபாயைத் தாண்டிவிடும். இது போதாதென்று குடிக்கிற பானத்துக்கு 18 அல்லது 20 சதவீதம் தனியாக.

இந்தத் தொகையைப் பார்த்ததும் நம் ஆட்கள் நேராகக் கவுண்டருக்குப் போய் “இதை எடுத்துவிடுங்கள்” என்கிறார்கள். இந்தத் துணிச்சலுக்கு ஊரில் ஒரு காரணம் உண்டு. ஹோட்டல்களும் உணவகங்களும் சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் நாட்டு உணவகத்தில் அது சரி. பகாமாஸ் கொடியிலும் பனாமா கொடியிலும் ஓடும் கப்பலுக்கு அந்தச் சட்டம் பேசாது. பல நிறுவனங்கள் கேட்டால் எடுத்துவிடுகின்றன என்பது உண்மை. சில ஐரோப்பிய நிறுவனங்கள் இதைக் கட்டணத்தின் பகுதியாகவே வைத்திருப்பதால் எடுக்க முடியாது. ஆனால் எடுக்க முடிகிற இடத்திலும் எடுக்க வேண்டுமா?

எடுக்கச் சொல்கிறவர்களின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும்: “எனக்கு வேலை செய்தவனுக்கு நானே கையில் கொடுத்துவிடுவேன், நடுவில் கம்பெனி எதற்கு?” நமக்கு வேலை செய்தவர்கள் எல்லோரையும் நாம் பார்த்திருந்தால்தான் இந்த வாதம் நிற்கும். படுக்கை விரிப்பைத் துவைத்து இஸ்திரி போட்டவர் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கிறார். தட்டு கழுவியவரையும், விடிவதற்குள் படிக்கட்டைத் துடைத்துவிட்டுப் போனவரையும் நாம் பார்ப்பதே இல்லை. தானாக ஏறும் தொகை கேபின் ஊழியர், உணவு மேஜை ஊழியர் ஆகியோரோடு இப்படிக் கண்ணில் படாதவர்களுக்கும் பிரிகிறது. கவரில் கொடுக்கும் பணம் சிரித்த முகத்தோடு எதிரில் நின்றவருக்குப் போகிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. தொகையை எடுத்துவிட்ட அறையில் இருந்து கையில் பணம் வாங்கினால், அதையும் பொதுத் தொகையில் சேர்த்துவிட வேண்டும் என்று சில நிறுவனங்கள் ஊழியர்களுக்கு விதி வைத்திருக்கின்றன. அங்கே நேரடியாகக் கொடுத்தோம் என்ற திருப்தி நம்மோடு நின்றுவிடும்.

சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுக் கட்டணத்தை உயர்த்தினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019-இல் தனி சர்வீஸ் சார்ஜை நீக்கிக் கட்டணத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. சில்வர்சீ, சீபோர்ன் போன்ற விலை உயர்ந்த கப்பல்களிலும் இனாம் கட்டணத்துக்குள் அடக்கம். அப்படிப்பட்ட கப்பலில் ஏறினால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. மற்றக் கப்பல்களில் நிறுவனத்தின் மீதான கோபத்தைத் தொகையை எடுத்துக் காட்டுவதில் பொருள் இல்லை, ஏனென்றால் நட்டம் நிறுவனத்துக்கு அல்ல.

அந்த ஊழியர்களின் வேலை நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2006-இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கேபின் துடைப்பவரையும் கடலோடியாகவே கருதுகிறது. ஓய்வு நேரக் கணக்கைப் பின்பற்றும் கப்பலில் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கொடுத்தால் போதும். மீதியைக் கழித்துப் பார்த்தால் வாரத்துக்கு 91 மணி நேரம் வரை வேலை வாங்க விதியே இடம் கொடுக்கிறது. ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம், வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. கிறிஸ்துமஸ் வாரத்தில் கப்பல் நிரம்பி வழியும். இரண்டு பேர் தங்கும் அறையில் மேல் படுக்கைகளும் இறக்கப்பட்டு நான்கு பேர் இருப்பார்கள், துண்டும் விரிப்பும் குப்பையும் இரண்டு மடங்கு. நம் மாவட்டத்தில் கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போன பிள்ளைகள் பலர். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர முடியாதவர்கள் அவர்கள்தான்.

கவர்

பில்லில் போவது போகட்டும், கூடுதலாகக் கவர் எதற்கு என்று கேட்கலாம். விடுமுறைக் காலத்தில் மட்டும் நான் அதற்கு ஆதரவு. வழக்கமான தொகை வழக்கமான வாரத்துக்கானது, மேலே சொன்ன மேல்படுக்கைக் கணக்கு அதில் வராது. தினமும் அறையைப் பார்த்தவருக்கு 20 டாலர், தினமும் ஒரே மேஜையில் பரிமாறியவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் சேர்த்து இன்னொரு 20 என்பது என் அளவு. இது கட்டாயம் அல்ல, குறைத்தும் கொடுக்கலாம். பிள்ளைகள் அறையைப் போர்க்களமாக்கி வைத்திருந்தால் பெற்றோரே கணக்கைக் கூட்டிக்கொள்ளட்டும்.

தாளாகக் கொடுங்கள், நாணயம் வேண்டாம். வெளிநாட்டு நாணயத்தை யாரும் மாற்றித் தருவதில்லை. கப்பலுக்குள் எல்லாச் செலவும் அறை அட்டையிலேயே நடப்பதால் சில்லறை கிடைப்பது பெரும்பாடு, உள்ளே இருக்கும் ஏடிஎம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். ஐந்து, பத்து டாலர் தாள்களாக ஊரிலேயே மாற்றி எடுத்துச் செல்வது நல்லது. பிலிப்பைன்ஸ் ஊழியரிடம் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார், அதற்கு மேல் அந்த நோட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. மும்பையில் இருந்து ஓடும் இந்தியக் கப்பலில் ரூபாய் தாராளமாகச் செல்லும்.

கடைசி இரவில் கொடுப்பது பழைய வழக்கம். அன்றிரவு ஊழியர்கள் பெட்டிகளை இறக்கும் வேலையில் இருப்பார்கள், மறுநாள் காலையில் அடுத்த கூட்டத்துக்கு அறையைத் தயாராக்க ஓடுவார்கள், நின்று ஒரு வார்த்தை பேச நேரம் இருக்காது. கிறிஸ்துமஸ் பயணம் என்றால் 24-ஆம் தேதி மாலையே கொடுத்துவிடலாம். நன்றாகக் கவனிப்பார்கள் என்ற கணக்கில் முன்கூட்டிக் கொடுப்பது வேறு, பண்டிகைக்கு என்று சொல்லிக் கொடுப்பது வேறு. வாங்குகிறவருக்கு அந்த வேறுபாடு தெரியும்.

பொதி

இங்கேதான் நம் ஊர்ப் பாசம் சிக்கலில் மாட்டுகிறது. மார்த்தாண்டம் தேன் இரண்டு பாட்டில், நாகர்கோவில் நேந்திரங்காய் வற்றல், வீட்டில் செய்த முந்திரிக்கொத்து ஒரு எவர்சில்வர் டப்பா, அதற்கு மேல் அச்சப்பம். கொடுக்கும் மனதுக்குக் குறையே இல்லை. ஆனால் வீட்டில் செய்த பண்டம், திறந்த பண்டம், பழம் இவற்றைப் பெரும்பாலான கப்பல்கள் உள்ளே விடுவதில்லை. முந்திரிக்கொத்து சோதனை மேஜையிலேயே குப்பைக் கூடைக்குப் போய்விடும், டப்பா திரும்பினால் அதிர்ஷ்டம். தொழிற்சாலையில் ஒட்டி மூடிய பாக்கெட் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

உள்ளே போய்ச் சேர்ந்தாலும் வாங்குகிறவரின் நிலை இருக்கிறது. அவர் இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்ளும் அறையில் ஒரு கட்டில், ஓர் அலமாரி. ஒப்பந்தம் முடிந்து விமானத்தில் ஊர் போகும்போது இத்தனை கிலோதான் என்ற வரம்பு. சட்டைத்துணியும் சிலையும் அலங்காரப் பெட்டியும் அவருக்குச் சுமைதான். கொஞ்சம் விலை கூடிய பொருள் என்றால் இன்னொரு வில்லங்கம்: பயணி மறந்து விட்டுச் சென்றதா, எடுத்ததா என்ற கேள்வி வரும். அதனால்தான் “இதை நான் அன்பளிப்பாகக் கொடுத்தேன்” என்று அறை எண்ணோடு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் சில கப்பல்களில் உண்டு. மதுபாட்டில் கொடுக்க நினைப்பவர்கள் அந்த நினைப்பைத் துறைமுகத்திலேயே விட்டுவிடலாம்.

பொருள் கொடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது, மூடிய பாக்கெட்டில் நேந்திரங்காய் வற்றல். பிரித்து நான்கு பேர் ஒரே இருப்பில் தின்று முடிக்கலாம், மதம் குறுக்கே நிற்காது. கேக்கில் அந்த வசதி இல்லை. கப்பல் ஊழியர்களில் கத்தோலிக்கரான பிலிப்பைன்ஸ்காரர்களும் கோவாக்காரர்களும் இருப்பதுபோலவே இந்தோனேசிய முஸ்லிம்களும் பாலித் தீவு இந்துக்களும் இருக்கிறார்கள். ரம்மில் ஊறிய பிளம் கேக் எல்லோர் கைக்கும் ஏற்றதல்ல.

பாராட்டுச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் கருத்துப் படிவத்தில் ஊழியரின் பெயரையும் ஊரையும் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினால் அது அவருடைய மேலதிகாரியின் பார்வைக்குப் போகிறது, அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் கை கொடுக்கிறது. பணத்துக்குப் பதிலாக அல்ல, பணத்தோடு சேர்த்து.

ஆலப்புழைப் படகு வீடு

இங்கே கணக்கு தலைகீழ். தானாக ஏறும் தொகை இல்லை, பொதுப் பங்கீடும் இல்லை. ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்), சமையல்காரர், உதவியாளர் என்று பெரும்பாலும் மூன்று பேர், மூவரையும் பகல் முழுக்கப் பார்க்கிறோம். நண்பகலில் ஏறி, மாலை ஐந்தரை வாக்கில் மீனவர் வலை போடும் நேரமானதும் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்க வேண்டும். வாடகை கிறிஸ்துமஸ் வாரத்தில் எகிறிப்போகும், எகிறிய பங்கு படகின் உரிமையாளருக்கு. மழைக்காலத்தில் ஓட்டம் குறைந்து இந்த மூவரும் கையைப் பிசைந்துகொண்டு இருந்ததை ஈடுகட்டுவது இந்தச் சில வாரங்கள்தான். ஆகவே இங்கே கவர் மட்டுமே பேசும். வாடகையில் 5 முதல் 10 சதவீதம் என்பது என் அளவு. வாடகையே இரட்டிப்பாகியிருக்கும் வாரத்தில் 5 சதவீதத்தோடு நிறுத்தினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கொடுக்கும் முறைதான் முக்கியம். ஸ்ராங்கின் கையில் மொத்தமாகத் திணித்துவிட்டு இறங்குவது இங்கே பலர் செய்வது. அவர் பிரித்துக் கொடுப்பார், கொடுக்காமலும் போகலாம். மூன்று கவர் போடுங்கள். அதற்குச் சோம்பல் என்றால் மூவரும் நிற்கும்போது “சேட்டா, இது மூன்று பேருக்கும்” என்று உரக்கச் சொல்லிக் கொடுங்கள். எல்லைக்காரர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு, மலையாளம் அரைகுறையாக வந்தாலும் கணக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். என்னைக் கேட்டால் சமையல்காரரின் கவர் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கலாம். அந்தச் சிறிய அடுப்படியில் கரிமீன் பொரித்தெடுப்பது லேசான வேலை அல்ல.

கரிமீன் என்றதும் இன்னொன்று. வழியில் ஒரு கரைக்கடையில் படகை நிறுத்தி “இறாலும் கரிமீனும் நல்லதாக இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார்கள். சந்தை விலையைவிடக் கூடுதலாக இருக்கும், அதில் படகுக்காரர்களுக்கு ஒரு பங்கு இருப்பது ஊரறிந்த விஷயம். பெரிய கப்பலில் பானத்தின் மீது ஏறும் 18 சதவீதம் பில்லில் அச்சிட்டு வருகிறது, இங்கே மீன் விலைக்குள் ஒளிந்து வருகிறது. மீனை அங்கே வாங்கினால் அதை மனதில் வைத்துக் கவரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. வாங்கவில்லை என்றால் குறைக்காதீர்கள்.

பொருள் அன்பளிப்புக்கு இங்கே தடை ஏதும் இல்லை. முந்திரிக்கொத்து டப்பா கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். பணத்தோடு சேர்த்துக் கொடுத்தால் மூவரும் மகிழ்ந்து சாப்பிடுவார்கள், டப்பாவும் கழுவித் திரும்பும்.

லட்சத்தீவுக் கப்பல்

எம்.வி. கவரத்தி போன்ற கப்பல்களில் கொச்சியில் இருந்து தீவுகளுக்குப் போகிறவர்கள் இனாமைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அது சுற்றுலாப் பயணிகளுக்கென்று மட்டும் ஓடும் கப்பல் அல்ல, தீவு மக்களின் போக்குவரத்து. ஊழியர்கள் சம்பளத்தில் ஓடுகிறவர்கள், இனாமை நம்பி இல்லை. தீவில் கூடவே வந்து பவளப்பாறை காட்டிய வழிகாட்டிக்கோ பெட்டி தூக்கியவருக்கோ விரும்பினால் ஏதாவது கொடுக்கலாம். பண்டிகைக்கு இனிப்புக் கொண்டுபோய்ப் பகிர்ந்துகொள்வது தாராளமாக நடக்கும். தீவு மக்கள் ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள், பங்காரம் நீங்கலாக மற்றத் தீவுகளில் மதுவிலக்கும் இருக்கிறது. ஆகவே மார்த்தாண்டத்தில் கேக் வாங்கும்போதே பேக்கரிக்காரரிடம் கேட்டு, ரம்மோ ஒயினோ சேராத பெட்டியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.