ஆக்‌ஷனை வெளியே எடுக்காமலே "ஹேமர் போச்சு" என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

சென்னையில் கிராண்ட் பியானோ வைத்திருந்து, மழைக்காலத்தில் ரிப்பேர் ஆள் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஹேமர் என்றால் கம்பியை அடிக்கும், ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சுற்றிய குட்டிச் சுத்தியல். ஆக்‌ஷன் என்றால் கீயை அமுக்கினால் அதை எழுப்பும் உள் இயந்திரம்.

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் பேபி கிராண்டில் நடுப்பகுதிக் கீகள் சில மக்கர் செய்தன. ஒரு தடவை அடித்தால் சத்தம் வரும், உடனே திரும்ப அடித்தால் வராது. மெதுவாக வாசித்தால் வேறு சில கீகள் ஊமையாகிவிடும். கீ பாதி எழும்பும்போதே மறுபடி அடிக்க முடிவதுதானே கிராண்டின் பெருமை! பிரெஞ்சு பியானோ தயாரிப்பாளர் செபாஸ்தியான் எரார் கண்டுபிடித்து, 1821-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே அதற்குத்தான்.

வந்தவர் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "ஹேமர் எல்லாம் தேஞ்சு போச்சு சார், 88-ஐயும் மாத்தணும்." பெரிய தொகை சொல்லிப் பாதியை வாங்கிக்கொண்டார். "செட் வர்ற வரைக்கும் ஓடட்டும்" என்று, துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை உள்ளே புஸ்ஸென்று அடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்புறம் நன்றாக இருந்த கீகளும் இழுக்க ஆரம்பித்தன. அவர் போனை எடுப்பதில்லை.

அடுத்து வந்தவர் விலையே பேசவில்லை. கீகளுக்கு முன்னால் இருக்கும் பலகையையும் இரு பக்கக் கட்டைகளையும் கழற்றி, ஆக்‌ஷனை மொத்தமாக இழுத்து மேஜைமேல் வைத்தார். (நீங்களே முயலாதீர்கள். இழுக்கும்போது ஒரு கீ அமுங்கினாலும் ஹேமர் எழும்பி மாட்டிக்கொண்டு தண்டு ஒடியும்.) ஒவ்வொரு ஹேமரையும் விரலால் தூக்கி விட்டார். நல்லது சட்டென்று விழுந்தது, பழுதானது பாதியில் தயங்கித் தயங்கி இறங்கியது. ஹேமர் ஆடுவது ஒரு மெல்லிய சென்டர் பின்னில். அதைச் சுற்றியுள்ள ஃபெல்ட் ஈரக்காற்றில் உப்பி, பின்னை இறுக்கிவிடுகிறது. மேலேயே நின்றுவிட்ட ஹேமர் அடுத்த அடிக்கு எங்கிருந்து கிளம்பும்?

ஹேமர் தலைகளில் கம்பித்தடம் லேசாகத்தான் இருந்தது. உப்புத்தாள் போட்டாலே போதும் என்றார். இறுகிய பின்களை எடுத்து, துளையைச் சீராக்கி, வேறு பின் போட்டார். எண்ணெய் ஊறித் தூசி அப்பிய இடங்களில் ஃபெல்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஸ்ப்ரே வைத்த செலவு அது.

மெதுவாக வாசித்தால் சத்தம் வராததற்குக் காரணம் லெட்-ஆஃப், அதாவது ஹேமர் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன் கீயின் உந்துதலிலிருந்து விடுபடும் இடம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நோட்டு வைக்கும் தாங்கியை எடுத்துவிட்டு, கீயை மிக மெதுவாக அமுக்குங்கள். ஹேமர் கம்பிக்கு 2 மி.மீ. அருகே வந்து, விடுபட்டுச் சற்று இறங்க வேண்டும். எங்களுடையதில் சில 5 மி.மீ. தூரத்திலேயே விடுபட்டன. திருகைச் சரிசெய்ததோடு தீர்ந்தது. புது ஹேமருக்கு அங்கே வேலையே இல்லை.

மொத்த பில், முதல் ஆள் வாங்கிய அட்வான்ஸைவிடக் குறைவு. அந்தப் பணம் இன்னும் திரும்பவில்லை. அவர் தந்த ரசீதிலும் "பியானோ வேலை" என்று ஒரே வரிதான். எந்தப் பாகம், எத்தனை, என்ன விலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள்.